பத்து காஜா: கோயிலில் தொடங்கி ஈயக்கப்பல் வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் பத்து காஜாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன மாளிகையான கெல்லி கோட்டைக்கு நேரே போய், நாலு படம் பிடித்து, பேய்க்கதை கேட்டுவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கோட்டையல்ல, அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயில். காலையில் பசியாறிய கையோடு போய்விடுங்கள். உச்சி வேளையில் போனால் நடை சாத்தியிருக்கும்.

கோயில் கூரையில் சாமி சிலைகளோடு, வெள்ளை உடையும் தொப்பியுமாய் ஒரு துரை நிற்கிறார். சந்நிதியை மட்டும் கும்பிட்டுவிட்டு வந்தால் அவரைத் தவறவிடுவீர்கள். தலையை நிமிர்த்திக் கூரையைத் தேடுங்கள். 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 20 வயதில் மலாயா வந்து, இங்கே ரப்பர் தோட்டம் போட்ட வில்லியம் கெல்லி ஸ்மித்தான் அது. கோட்டை எழும்பிக்கொண்டிருந்தபோது ஸ்பானிய விஷக்காய்ச்சல் பரவி வேலையாட்கள் மடிந்தார்கள். மாரியம்மாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று ஆட்கள் கேட்க, துரையும் கட்டிக்கொடுத்தார். அந்த நன்றிக்குத்தான் அவரையும் மேலே ஏற்றிவிட்டார்கள் என்பது தோட்டத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை.

இதைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால் சுவர் வேறு மாதிரி தெரியும். அங்கே பூச்சு உதிர்ந்த இடங்களாகப் பார்த்து நில்லுங்கள். சிவப்புச் செங்கல் வரிசை அப்படியே வெளியே தெரியும். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தவை; மதராஸிலிருந்து 70 தொழிலாளர்களை வரவழைத்தார்கள் என்று சொல்வார்கள். வளைவுகளைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள், கொத்தனாரின் கை தெரியும். கோபுரத்தில் லிப்டுக்காக விட்ட குழி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. முடிந்திருந்தால் மலாயாவின் முதல் லிப்டு அதுவாக இருந்திருக்கும். 1926இல் லிஸ்பனில் துரை நிமோனியாவில் இறந்துபோனார், வேலையும் அதோடு நின்றது. மனைவி ஆக்னஸ் சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஊர் திரும்பினார்.

நுழைவுச் சீட்டில் உள்ளூர்க்காரர்களுக்கு விலை குறைவு, மைகார்டை (மலேசிய அடையாள அட்டையை) மறக்காதீர்கள். படிகள் குறுகல், ஜப்பான் சிலிப்பரோடு ஏறாதீர்கள். மொட்டை மாடியில் பிள்ளைகளின் கையை விடவே கூடாது. பேய் வருமோ வராதோ, விளிம்பு அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்து தஞ்சோங் துவாலாங் சாலையில் இருக்கும் ஐந்தாம் எண் ஈயக்கப்பல், அதாவது வெள்ளீயத் தாதைத் தோண்டி எடுத்த மிதக்கும் இயந்திரம். 1938இல் கட்டியது, 1982 வரை ஓடியது, 4,500 டன் எடை. மிதவை மட்டும் 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். கப்பல் என்றாலும் கடலைப் பார்த்ததில்லை. தான் தோண்டிய குளத்திலேயே மிதக்கும். முன்பக்கம் வாளிச் சங்கிலி அடிமண்ணை அள்ளி மேலே கொட்டும். தண்ணீர் பாய்ச்சிச் சலித்தால், மணலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் கனமான ஈயத்தாது அடியில் தங்கிவிடும். மிச்ச மணல் பின்பக்கம் வெளியேறும். முன்னே தோண்டிப் பின்னே நிரப்புவதால் கப்பலோடு குளமும் நகரும். கின்தா வட்டாரத்தில் லம்பக் குளங்கள் (ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கியவை) இத்தனை கிடப்பது ஏன் என்று இதைப் பார்த்தால் விளங்கும். வழிகாட்டியோடு உள்ளே போங்கள். இல்லாவிட்டால் வெறும் துருப்பிடித்த இரும்பைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

இடிஎஸ் எனும் மின்சார ரயில் பத்து காஜாவில் நிற்கும். ஆனால் கோயிலும் கோட்டையும் ஒரு திசை, ஈயக்கப்பல் வேறொரு திசை. பேருந்தை நம்பினால் பொழுது சாலையோரத்திலேயே போய்விடும். கைப்பேசிச் செயலியில் கூப்பிடும் கிராப் வாடகைக் காரில் போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. அந்தப் பக்கம் காலியாக ஓடும் வண்டி குறைவு. ஓட்டுநரிடமே அரை நாளுக்கு இத்தனை வெள்ளி என்று முன்கூட்டிப் பேசி நிறுத்திக்கொள்ளுங்கள். சாயங்கால மழை பிடிப்பதற்குள் ஈயக்கப்பலை முடித்துவிடுங்கள், நனைந்த இரும்புத் தளம் வழுக்கும்.