தேதி ஃபார்மேட்டரின் டூஸ்ட்ரிங்குக்கும் டெஸ்ட் தேவை

தேதியை வடிவமைக்கும் பொருளுக்கு (ஃபார்மேட்டருக்கு) யூனிட் டெஸ்ட், அதாவது நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியாகச் சோதிக்கும் நிரல், எழுதுபவர்கள், அது அச்சிடும் தேதியைச் சரிபார்ப்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் லாக்கில் (நிரல் இயங்கும்போது எழுதிவைக்கும் பதிவில்) பிழை தேடும் நேரத்தில் நம் கண்ணில் படுவது அந்தப் பொருளின் டூஸ்ட்ரிங், அதாவது பொருளை எழுத்தில் விவரிக்கும் மெத்தட், தரும் வரிதான்.

ஜாவாவின் பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட்டில் ஜாவா 22 வரை டூஸ்ட்ரிங் தனியாக எழுதப்படவே இல்லை. கிளாஸ் பெயரும் ஹேஷ்கோடும் (பொருளின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண்) மட்டுமே வந்தன. அந்த ஹேஷ்கோடும் பேட்டர்னிலிருந்து (தேதி எந்த வடிவில் வர வேண்டும் என்று சொல்லும் எழுத்துக்கோவை) மட்டுமே கணக்கிடப்படுவதால், ஒன்று தமிழ் லோகேலிலும் (மொழி, நாட்டு வழக்குக்கான அமைப்பு) மற்றொன்று பிரெஞ்சு லோகேலிலும் உருவாக்கப்பட்டிருந்தாலும், பேட்டர்ன் ஒன்றென்றால் இரண்டும் ஒரே வரியைத்தான் தந்தன.

2014இல் ஜாவா 8 உடன் வந்த டேட்டைம்ஃபார்மேட்டர் இவ்வளவு மோசமில்லை. பேட்டர்னை அப்படியே திருப்பித் தராமல், அதைத் தான் எப்படிப் புரிந்துகொண்டது என்பதை அது விவரிக்கிறது. ஆண்டுக்கு நான்கு சிறிய 'ஒய்' கொடுத்தால் அந்த விவரிப்பில் 'இயர்ஆஃப்எரா' என்று இருக்கும். கை தவறிப் பெரிய 'ஒய்' விழுந்திருந்தால் 'வீக்பேஸ்டுஇயர்' என்று இருக்கும். பின்னது வாரக் கணக்கில் வரும் ஆண்டு என்பதாலும், அந்தத் தேதி விழும் வாரம் 2025இன் முதல் வாரமாக எண்ணப்படுவதாலும், 2024 டிசம்பர் 30ஆம் தேதி 2025 டிசம்பர் 30 என்று அச்சாகும். ஜூன் மாதத் தேதி ஒன்றை வைத்து எழுதிய டெஸ்ட் இந்தப் பிழையைக் கண்டுகொள்ளாது. டூஸ்ட்ரிங்கைப் பார்க்கும் டெஸ்டோ எந்தத் தேதியையும் நம்பியிராமல் பிடித்துவிடும்.

இருந்தும் இந்த விவரிப்பில் லோகேலும் இல்லை, டைம்சோனும் இல்லை. ஏசியா/கொல்கத்தா டைம்சோனை இணைத்த பிறகும் வரி மாறாது என்பதால், அவ்விரண்டையும் அவற்றுக்கான கெட்டர்கள் (மதிப்பைத் திருப்பித் தரும் மெத்தட்கள்) வழியாகத் தனியே சரிபார்க்க வேண்டும். இரு பொருள்கள் சமமா என்று சொல்லும் ஈக்வல்ஸை வைத்து ஒப்பிடலாம் என்றால், இந்தக் கிளாஸில் அதுவும் எழுதப்படவில்லை.

ஜாவாவுக்கான கூடுதல் நூலகமான அப்பாச்சி காமன்ஸ் லாங்கின் ஃபாஸ்ட்டேட்ஃபார்மேட், பேட்டர்ன், லோகேல், டைம்சோன் மூன்றையும் சதுர அடைப்புக்குள் வரிசையாகச் சொல்லிவிடுகிறது. என் கணக்கில் நாம் எழுதும் கிளாஸ்களுக்கு ஏற்ற முன்மாதிரி அதுதான். அதற்கான டெஸ்டில் லோகேலையும் டைம்சோனையும் வெளிப்படையாகக் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் இந்திய நேரத்தில் இயங்கும் மடிக்கணினியில் தேறும் டெஸ்ட், யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இயங்கும் பில்ட் சர்வரில், அதாவது நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் பொதுக் கணினியில், தோற்கும். நம் கிளாஸ் என்றால் முழு வரியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். ஜாவாவின் ஆவணமோ ஒரு விவரிப்பு கிடைக்கும் என்பதற்கு மேல் எந்த உறுதியும் தரவில்லை என்பதால், அங்கே 'வீக்பேஸ்டுஇயர்' என்ற சொல் வரவில்லை என்று மட்டும் பார்ப்பதே போதும்.