முனியசாமி காட்டில் கருவை பிடுங்க உத்தரவு வாங்கியது

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில், கடலை ஒட்டி எங்கள் ஊர். ஆண்கள் சங்கு குளிப்பார்கள், வலைக்குப் போவார்கள். பெண்கள் தீவுப் பக்கம் போய் மரிக்கொழுந்துப் பாசி என்ற கடல்பாசி எடுப்பார்கள். ஊருக்கு மேற்கே மணல்மேட்டில் முனியசாமி காடு, நடுவில் ஒரு ஊருணி. அப்பத்தா காலத்தில் உடை மரமும் உகாயும் பனையுமாக நின்ற இடம். மணலைக் கையால் பறித்தாலே நல்ல தண்ணீர் ஊறுமாம், சிரட்டையால் மோந்து குடத்தை நிரப்புவார்களாம். எனக்கு நினைவு தெரிந்து அங்கே சீமைக்கருவைதான். ஊருணிக்குள்ளேயே கருவை. குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தோம்.

அதைச் சரிசெய்ய எங்களுக்கு நாலு வருடம் ஆனது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு காடு இருந்தால் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

சாமி காட்டில் குச்சி ஒடிக்கக் கூடாது, விழுந்த விறகைக்கூட எடுக்க மாட்டோம், செருப்பை வெளியே விட்டுத்தான் போவோம். இந்தக் கட்டுப்பாடுதான் அத்தனை தலைமுறை காட்டைக் காப்பாற்றியது. அதே கட்டுப்பாடு கருவையையும் காப்பாற்றிவிட்டது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்றச் சொன்னபோது சுற்றுப்பட்டுக் கண்மாய்களில் ஜேசிபி இறங்கியது. எங்கள் காட்டுக்கு யாரும் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

சாமியாடி என் பெரியப்பாதான். “சாமி வைக்காத மரம்தானே பெரியப்பா, எடுத்தால் என்ன?” என்று கேட்டேன். “அதை நீ சொல்லக் கூடாது தம்பி, அவர் சொல்லணும்” என்றார். சரி, பூப் போட்டுப் பார்ப்போம் என்று முடிவானது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி வாழை இலையில் சுருட்டி நாரால் கட்டிப் பீடத்தில் போட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை எடுத்துக் கொடுத்தாள். நார் முடிச்சு இறுகிக்கிடந்தது, பெரியப்பா பல்லால் கடித்து அவிழ்த்தார். சிவப்பு. ஒருவரும் பேசவில்லை, அப்படியே கலைந்து வந்துவிட்டோம்.

அடுத்த வருடம்தான் மறுபடி கேட்க முடியும். அந்த இடைவெளியில் காகித வேலையைப் பார்த்தோம், பார்த்ததும் நல்லதாகப் போயிற்று. எந்த நிலம் என்ன வகை என்று எழுதிவைத்திருக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அந்த இடம் வெறும் புறம்போக்கு என்றுதான் இருந்தது, கோயில் என்ற சொல்லே இல்லை. இணையத்திலேயே பதிவேட்டையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள், முதல் வேலை அதுதான். கிராம சபையில் தீர்மானம் போட்டு, அந்த நகலோடு கருவையை எடுக்க அனுமதி கேட்டுத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுத்தோம். ஒரு அலுவலகத்தில் மனுவே வரவில்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். ரசீது கையில் இருந்ததால்தான் மூன்றாம் முறை வாய் திறக்க முடிந்தது.

அடுத்த வருடம் வெள்ளைப் பூ வந்தது. அம்மா அழுதுவிட்டார். கருவையைத் தவிர எதிலும் இரும்பு படக் கூடாது, பீடத்தைச் சுற்றி இயந்திரம் வரக் கூடாது என்று பெரியப்பா இரண்டே நிபந்தனை வைத்தார்.

மரத்துக்கு மதிப்புப் போட்டு ஏலம் விட்டார்கள். எடுத்தவர் கரி மூட்டம் போடுகிறவர். தூரோடு எடுப்பதாகத்தான் பேச்சு, ஆனால் தரை மட்டத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்களும் பக்கத்தில் நின்று பார்க்கத் தவறிவிட்டோம். ஐப்பசி மழை விழுந்ததும் ஒரு மரம் நின்ற இடத்தில் பத்துக் கொப்பு. கருவையின் மொட்டு தூரில் இருக்கிறது, மண்ணுக்குக் கீழே ஒரு அடியாவது தோண்டி எடுக்காவிட்டால் அது சாகாது. அப்புறம் நாங்களே கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தோண்டினோம், காட்டின் வெளி ஓரத்தில் மட்டும் ஜேசிபி. அந்தத் தைமாதம் முழுக்க ஊரில் முள் குத்தாத கால் இல்லை.

அடுத்த தொல்லை ஆடு. கருவைக் காயைத் தின்ற ஆடு எங்கே புழுக்கை போடுகிறதோ அங்கே கருவை முளைக்கும். ஆடு வைத்திருக்கிறவர்களும் எங்கள் சொந்தக்காரர்கள்தானே, பகைக்க முடியாது. காய் உதிரும் மாதங்களில் காட்டுக்குள் ஆட்டைப் பத்துவதில்லை என்று பேசி முடித்தோம்.

ஊருணியைத் தூர்வாரும்போது இன்னும் ஆழமாகப் பறிக்கலாம், ஒரு ஆழ்துளைக் கிணறும் போடலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று நான் சண்டையே போட்டேன். கடற்கரை மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நிறைய உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும், பிறகு நல்ல தண்ணீர் திரும்ப எத்தனை மழை ஆகுமோ. பழைய மணல் தட்டுப்பட்ட இடத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

முதல் வருடம் ஊறியது சவர்த் தண்ணீர், பாத்திரம் கழுவ மட்டும் ஆனது. இரண்டாவது கார்த்திகையில் அம்மா ஊற்றுப் பறித்து ஒரு சிரட்டை மோந்து குடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு சிரட்டை மோந்து என்னிடம் நீட்டினார். அந்த வருடம் சித்திரை வரைக்கும் தண்ணீர் நின்றது. வீட்டுக்கு இரண்டு குடம் என்ற கணக்கைப் பாசிக்குப் போகிற பெண்களே வைத்துக்கொண்டார்கள். ஆனி, ஆடியில் இப்போதும் லாரிதான்.

கரையைச் சுற்றிப் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறோம், குருத்து வந்தவற்றுக்கு உடை முள் வைத்து அடைத்திருக்கிறோம். கருவை நாற்று ஒவ்வொரு மழைக்கும் முளைக்கிறது. முள் இறுகுவதற்குள், ஈரத்தோடு பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும், அதனால் மழை விட்ட மறுநாள் காலையில் எல்லோரும் போய்விடுவோம். பெரியப்பாவும் வருகிறார். பிடுங்கியதை வேட்டி மடியில் சேர்த்து, செருப்புக் கழற்றும் இடத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த்தான் கொட்டுகிறார்.