ஓசூரில் 1013.25: லேசர் வைத்து மெஷினை அளந்த கதை

நான்கு தகடுகள் அனுப்பினோம், நான்கும் திரும்பி வந்தன. 600 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள். கூடினாலும் குறைந்தாலும் 10 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). வாடிக்கையாளரின் சிஎம்எம் (பாகங்களைத் துல்லியமாக அளக்கும் கருவி) ரிப்போர்ட்டில் 15, 16, 16, 17 மைக்ரான் என்று நான்கிலும் கூடுதல். ஒன்று தப்பியிருந்தால் டூலைத் திட்டலாம், ஆபரேட்டரைத் திட்டலாம். நான்கும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு தப்பினால் மெஷினைத்தான் பார்க்க வேண்டும்.

கோபம் வந்ததற்கு வேறு காரணம். தகடுகளைத் துளையிட்ட அந்த விஎம்சிக்கு (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) ஏழு மாதம் முன்புதான் லேசர் காலிபரேஷன் செய்து, பிட்ச் எரர் காம்பன்சேஷன், அதாவது இடத்துக்கு இடம் வரும் பிசகைச் சரிக்கட்டும் அட்டவணை, ஏற்றியிருந்தோம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.

இந்த முறை நண்பர் ஒருவர் வேறொருவரை அனுப்பினார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். காலை எட்டரைக்கு வந்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை.

"மெஷினை ஒரு மணி நேரம் சும்மா ஓட்டுங்க சார். எக்ஸ் அச்சு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ட்டு வரட்டும். மேசையைத் தள்ளுற பால் ஸ்க்ரூ சூடாகாம அளந்தா அது காலை அளவு, மதியம் வேற அளவு."

அதற்குள் டீ குடித்து முடித்து, லேசரை முக்காலியில் ஏற்றினார். ஹீலியம் நியான் சிவப்பு ஒளி, அலைநீளம் 632.8 நானோமீட்டர். ஒளியை இரண்டாகப் பிரிக்கும் கண்ணாடி, டூல் மாட்டும் ஸ்பிண்டிலில் அசையாமல் நிற்கும். பிரிந்த ஒரு கதிர் அங்கேயே திரும்பிவிடும்; இன்னொன்று மேசைமேல் காந்த ஸ்டாண்டில் இருக்கும் கண்ணாடிவரை போய் வரும். இரண்டும் மறுபடி சேரும்போது, மேசை 0.316 மைக்ரான் நகரும் ஒவ்வொரு முறையும் ஒளி ஒருதரம் வெளிச்சமாகி இருளும். கருவி அதை எண்ணுகிறது, அவ்வளவுதான். எங்கள் மெஷினின் 800 மி.மீ. ஓட்டத்துக்கு 25 லட்சத்துக்கும் மேல் எண்ண வேண்டும்.

நேரம் தின்றது கதிரை நேராக்கும் வேலைதான். மேசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டினால் சிவப்புப் புள்ளி கண்ணாடிமேல் 2 மி.மீ. விலகியது. கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. 800 மி.மீ.க்கு அது மட்டுமே 2.5 மைக்ரான் பொய் சொல்லிவிடும் என்றார். முக்காலியின் திருகை ஒரு மயிரிழை திருப்புவார், மேசையை ஓட்டச் சொல்வார், மறுபடி திருப்புவார். நாற்பது நிமிடம் போனது. பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் தம்பிக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

அப்புறம் ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஃபேன் ஓடும்போது திரையில் கடைசி இலக்கங்கள் துள்ளிக்கொண்டிருந்தன, நிறுத்தியதும் அடங்கின. ஆனால் வெளியே லோடு லாரி ஒன்று போனால் மறுபடி ஒரு துள்ளல். இயற்பியலாளர் மைக்கல்சனுக்கும் இதே பாடுதான். இந்தக் கருவியின் மூல வடிவத்தை அவர் முதலில் பெர்லினில் வைத்துப் பார்த்தார். நகரத்து வண்டிகளின் அதிர்வு நள்ளிரவுக்குப் பிறகும் விடவில்லை. 1881இல் கருவியைத் தூக்கிக்கொண்டு போட்ஸ்டாம் வானாய்வகத்துக்குப் போய்விட்டார். நாங்கள் எங்கே போவது? லாரி போகட்டும் என்று காத்திருந்தோம்.

பழைய காம்பன்சேஷனைக் கைவைக்காமல் முதல் ஓட்டம் எடுத்தோம். 600இல் 16 மைக்ரான் கூடுதல், 800இல் 21. சிஎம்எம் சொன்னதே வந்துவிட்டது. தப்பு எங்களுடையதுதான் என்று உறுதியானதில் ஒருவிதமான நிம்மதி.

"போன தடவை ரிப்போர்ட் இருக்கா சார்?"

எடுத்துக் கொடுத்தேன். வரைபடங்கள் இருந்த பக்கங்களை அவர் பார்க்கவே இல்லை. முதல் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்துச் சிரித்தார். காற்றழுத்தம் 1013.25 மில்லிபார்.

"இது கடல் மட்டத்துக்கு வச்ச எண். ஓசூர்ல புயலே வந்தாலும் இது வராது."

அவருடைய சென்சார் அப்போது காட்டியது 915. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 900 மீட்டர். இங்கே காற்று மெலிவு, அதில் ஒளியின் அலைநீளம் ஒரு பொடி நீளம். மில்லிபாருக்கு மீட்டரில் 0.27 மைக்ரான் வீதம் பிசகும். 98 மில்லிபாருக்குக் கணக்குப் போட்டால் மீட்டருக்கு 26 மைக்ரான், 600 மி.மீ.க்கு 16. கால்குலேட்டரில் அதைத் தட்டியபோது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, ஆபரேட்டர் தம்பி மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நடந்ததை ஊகிக்க முடிந்தது. போன முறை சென்சார் பெட்டியை இணைக்கவில்லை. வெப்பநிலையை தெர்மாமீட்டர் பார்த்துத் தட்டியிருக்கிறார்கள். அழுத்தத்துக்கு பாரோமீட்டர் யார் கையில் இருக்கிறது? மென்பொருள் வைத்திருந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டார்கள். லேசர் குறைத்துக் காட்டியிருக்கிறது, மெஷின் குறைவாக ஓடுகிறது என்று நம்பி நாங்கள் அதை நீட்டிவிட்டிருக்கிறோம். சரியாக ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் காசு கொடுத்துக் கெடுத்த கதை. அந்தப் பக்கத்தை நானும்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மீட்டருக்கு 26 மைக்ரானைக் கழித்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். கூடாது என்றார். பழைய அட்டவணை முழுவதையும் பூஜ்யமாக்கி, 50 மி.மீ.க்கு ஒன்றாக 17 இடங்களில் புதிதாக அளந்தார். மேசையில் ஒட்டிய சென்சார் 27 டிகிரி காட்டியது. எல்லா அளவும் 20 டிகிரிக்கு மாற்றித்தான் எழுதப்படும். அந்த 7 டிகிரியை விட்டால் 800 மி.மீ. எஃகில் 65 மைக்ரான் தப்பும். நல்ல வேளை, அதைப் போன முறை ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

அட்டவணை ஏற்றிய பின் சரிபார்க்கும் ஓட்டத்துக்கு வேறு இடங்களைக் கொடுத்தார்: 47.3, 103.8, 151.1 என்று தாறுமாறாக. எங்கள் பால் ஸ்க்ரூவின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு மேசை நகரும் தூரம், 10 மி.மீ. 50, 100, 150 என்றே போனால் ஸ்க்ரூ ஒவ்வொரு முறையும் சுற்றின் ஒரே புள்ளியில்தான் நிற்கும், ஒரு சுற்றுக்குள் நடக்கும் தப்பு வெளியே தெரியாது. இது எனக்குப் புதுச் செய்தி, பதினெட்டு வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். போக ஐந்து, வர ஐந்து என்று ஐஎஸ்ஓ 230-2 தரநிலை சொல்கிறபடி ஓட்டினார். திரும்பும்போது 6 மைக்ரான் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) தெரிந்தது, அதையும் பாராமீட்டரில் போட்டோம். கடைசியில் முழு ஓட்டத்துக்கும் பிசகு 4 மைக்ரானுக்குள் வந்தது. மணி ஏழரை.

கையெழுத்துக்கு ரிப்போர்ட்டை நீட்டினார். முதல் பக்கத்தில் அழுத்தம் 912.8 என்று இருந்தது. மதியத்தைவிட இரண்டு குறைந்திருக்கிறதே என்றேன். "சாயங்காலம் கொஞ்சம் இறங்கும் சார், அதான் சென்சாரைக் கழட்டறதே இல்ல" என்றபடி பெட்டியை மூடினார்.

புதிதாக நான்கு தகடு போட்டு அனுப்பினோம், எடுத்துக்கொண்டார்கள். பழையவற்றில் இரண்டு இப்போது வாசலில் கூலன்ட் கேனுக்கு அடியில் கிடக்கின்றன.