கைட் பிடிக்க ஒரு ஆள்

கைட் சர்ஃபிங் வீடியோக்களைப் பார்த்தால் இது தனி ஆள் விளையாட்டு என்றுதான் தோன்றும். நீலக்கடல், போர்டில் ஒருவர், மேலே ஒரு பெரிய பட்டம், அவ்வளவுதான். அந்தப் பட்டத்தைக் கரையிலிருந்து ஏற்றிவிட்டவரும், திரும்பி வரும்போது ஓடிப்போய்ப் பிடிக்கிறவரும் வீடியோவில் வருவதே இல்லை. தனியாக ஏற்றி இறக்கத் தெரிந்த கெட்டிக்காரர்கள் உண்டு, ஆனால் கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கும் யாரும் அதைச் செய்யக் கூடாது. நண்பர்களோடு கற்பிட்டிக்குப் போய்வந்ததிலிருந்து, கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்வது இதைத்தான்: கூட்டமாகப் போங்கள்.

கற்பிட்டி இலங்கையின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, அதாவது கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரி, நடுவில் ஒடுக்கமாக நீண்டு கிடக்கும் நிலம். சென்னையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் போய் இறங்கி, வேன் பிடித்து, நீர்கொழும்பு, சிலாபம் எல்லாம் தாண்டி, புத்தளத்துக்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தியில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் போகப் போகக் காற்றாலைகள் தெரிய ஆரம்பிக்கும், அவை சுற்றுவதைப் பார்த்ததுமே வேனுக்குள் பேச்சு சூடுபிடித்துவிட்டது. நாங்கள் போனது ஜூலையில். மே முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குக் காற்று, அதாவது சோளகம், விடாமல் அடிக்கும். மணிக்கு 30 முதல் 45 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். அந்த ஊரின் அருமை என்னவென்றால், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு அலையைத் தடுத்துவிடும், காற்றைத் தடுக்காது. அதனால் பலத்த காற்றிலும் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும், பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கைட்டை எப்படி ஏற்றுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் முதல் நாள் முழுக்க நாங்கள் செய்தது அதைத்தான். கைட்டின் முன்விளிம்பு ஒரு நீளமான குழாய், அதைப் பம்ப் அடித்துக் கல் மாதிரி இறுக்க வேண்டும். லைன்கள் நான்கு, ஒவ்வொன்றும் இருபது மீட்டருக்கு மேல் நீளம். நடுவில் உள்ள இரண்டும் இழுவையைத் தாங்கும், ஓரத்து இரண்டும் திருப்பும். ஓட்டுகிறவர் ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு லைன் முனையில் நிற்கிறார், மறுமுனையில் நீங்கள் கைட்டை ஓரமாக நிமிர்த்திப் பிடிக்கிறீர்கள். துணி படபடவென்று அடித்தால் இடம் சரியில்லை என்று அர்த்தம், ஓட்டுகிறவர் காற்று வரும் பக்கமாக இன்னும் சில அடி நகர வேண்டும். அப்படி நகர நகர துணி விறைத்துக்கொண்டு சத்தம் அடங்கும், லைன்கள் இறுகும், உங்கள் கையிலேயே இழுவை தெரியும். எந்த லைனாவது சிக்கியிருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். சிக்கலோடு விட்டால் கைட் சுழன்று காற்றின் நேர்ப்பாதையில் விழும், ஓட்டுகிறவரை மணலில் இழுத்துக்கொண்டு போய்விடும். எல்லாம் சரியென்றால் அவர் கட்டைவிரலை உயர்த்துவார். அப்போதும் கைட்டை வீசக் கூடாது, கையை எடுத்தாலே போதும், அது தானாக ஏறும். திரும்பி வரும்போது அவர் தன் தலையில் தட்டிக் காட்டுவார், இறக்க வேண்டும் என்று பொருள். நீங்கள் முன்விளிம்பின் நடுவைப் பிடித்து, கவிழ்த்து வைத்து, மேலே மணலை அள்ளிப் போட வேண்டும்.

இதை ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும்போது நட்பில் ஏதோ ஒன்று கூடிவிடுகிறது. அலுவலகம், குழந்தைகள் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கும் கல்லூரி நண்பர்கள் நாங்கள், வாட்ஸாப்பில் பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. அங்கே ஒருவர் உயிர் இன்னொருவர் கவனத்தில் இருந்தது.

பயிற்சியில் கஷ்டமான இடம் 'பார்', அதாவது கைட்டை ஓட்டக் கையில் பிடிக்கும் கம்பிதான். பயந்தால் கை தானாகப் பாரை இறுக்கி இழுக்கும், இழுத்தால் கைட்டுக்கு இன்னும் பலம் கூடும். விட்டால்தான் அடங்கும். எங்களில் ஒரு தோழிக்கு இதுதான் பிடிபடவே இல்லை. பயிற்சியாளர் எத்தனையோ முறை சொல்லியும் நடக்காதது, இடுப்பளவுத் தண்ணீரில் அவளுக்குப் பின்னால் நின்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து "பாரை விடு, விடு!" என்று கத்தியபோது நடந்தது. அன்று மாலையே போர்டில் எழுந்து கொஞ்ச தூரம் போனாள். 2024 ஒலிம்பிக் கைட் போட்டியில் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் பதினேழு வயதில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்துவிட்டு இந்தப் பயணத்துக்கு எங்களையெல்லாம் கிளப்பியதே அவள்தான்.

காலையில் காற்று மந்தமாக இருக்கும், நிலம் சூடேறிய பிறகுதான் வேகம் பிடிக்கும். அந்த நேரத்தில் சிலர் ஊருக்குள் போய் டச்சுக்காரர்கள் 1667-இல் கட்டத் தொடங்கிய கோட்டையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தார்கள், உள்ளே கடற்படை இருக்கிறது. நான் பெரும்பாலும் படகோட்டி நானாவோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். "பொறுங்க தம்பி, பன்னிரண்டு மணிக்குச் சோளகம் தானா இறுகும்" என்பார், இறுகும். அவர் பிறந்தது மன்னாரில். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது சிறுவனாகப் பெற்றோரோடு படகில் இந்தக் கரைக்கு வந்தவர். அதை அவர் சொன்ன பிறகு வெகுநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. விடுமுறைக்கு வரும் நாம் அழகான கடற்கரை என்று பார்க்கிற இடம், அவர் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து கரையேறிய இடம். இதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பியிருந்தால் நான் கற்பிட்டியைப் பார்த்ததாகவே சொல்ல முடியாது.

சரி, போக நினைப்பவர்களுக்கு. ரிசார்ட் பிடிக்கும்போது குடில் எப்படி, சாப்பாடு எப்படி என்பதைவிட முதலில் மீட்புப் படகு இருக்கிறதா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவருக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அடிப்படை பிடிபடப் பொதுவாக ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி தேவைப்படும், வாரக்கடைசிக்குப் போய் வருகிற காரியமில்லை. கூட்டமாகப் போனால் 7, 9, 12 சதுர மீட்டர் என்று மூன்று அளவில் கைட் எடுத்து மாற்றி மாற்றி ஓட்டலாம், எடை குறைந்தவர்களுக்குச் சின்னது, எடை கூடியவர்களுக்குப் பெரியது, காற்று கூடினால் எல்லோரும் ஓர் அளவு கீழே. செலவும் குறையும். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், நண்டும் இறாலும் தேங்காய்ச் சம்பலும் வேளாவேளைக்கு வந்துவிடும்.

டிசம்பருக்கு மேல் வாடைக்காற்று ஆரம்பித்ததும் மன்னார் பக்கம் போகலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கியில் வேலை பார்க்கும் நண்பனுக்கு லீவு கிடைப்பதைப் பொறுத்துத்தான் தேதி.