கயிற்று நுனியில் ஒரு முடிச்சு: கனியனிங் பரீட்சை அனுபவம்

சுவிற்சர்லாந்தின் தெற்கே உள்ள திச்சினோ மாநிலத்தில் நடந்த கனியனிங் பயிற்சிநெறியின் செய்முறைப் பரீட்சையில் முதல் தடவை சித்தியடையாமல், அடுத்த கோடையில் மீண்டும் தோற்றிச் சித்தியடைந்தவன் என்ற முறையில், இதே பயிற்சிக்குப் போக எண்ணுபவர்களுக்காக இதனை எழுதுகிறேன். மலையோடை அரித்துக் குடைந்த ஒடுங்கிய பாறைப் பள்ளத்தாக்கினுள், நீரின் போக்கிலேயே நடந்தும் நீந்தியும் சறுக்கியும் குதித்தும், அருவி குறுக்கிடும் இடங்களில் கயிற்றில் இறங்கியும் செல்வதே கனியனிங். நான் தோற்றிய பரீட்சை, நண்பர்களுடன் சொந்தப் பொறுப்பில் இறங்குவதற்கான தகுதியை மட்டுமே கணிப்பது. பணம் பெற்று மற்றவர்களை அழைத்துச் செல்வதற்கு, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சிச் சட்டத்தின்படி தனி அனுமதி வேண்டும்.

எழுத்துப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தாக்குகளைத் தரப்படுத்தும் பிரெஞ்சு முறையை நன்றாகப் படித்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். செங்குத்தான இறக்கத்தின் கடினத்துக்கு 1 முதல் 7 வரையும், நீரின் கடினத்துக்கு 1 முதல் 7 வரையும், வெள்ளத்திலிருந்து தப்பி வெளியேறும் வாய்ப்புக்கு ரோமன் இலக்கத்தில் ஒன்று முதல் ஆறு வரையும் அதில் தரப்படுகின்றன. எல்லோரும் முதல் இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். வாய்மொழிப் பரீட்சையிலோ மூன்றாவதைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1999 ஜூலை 27 அன்று இன்ரலாக்கனுக்கு அருகிலுள்ள சாக்செற்றன் ஓடையில், மேலே பெய்த இடிமழையின் வெள்ளம் திடீரென இறங்கியதில் வழிகாட்டிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்பதை விட, ஓடைக்கு நீர் தரும் மலைச்சரிவுகளில் என்ன நடக்கிறது என்பதே முக்கியம் என்று எங்கள் பயிற்றுநர் முதல் நாளே சொல்லிவிட்டார். மேலே நீர்மின் அணை இருக்கும் பள்ளத்தாக்கில் மழையே இல்லாமலும் நீர் திறந்துவிடப்படலாம். ஆகவே இறங்குமுன் அதை விசாரித்து அறிய வேண்டியதும் பரீட்சைக்குரிய விடயமே.

இனி என் தவறுக்கு வருகிறேன். நான் சில ஆண்டுகளாகப் பாறையேற்றத்தில் ஈடுபட்டு வந்தவன்; கயிறு எனக்குப் பழக்கமான பொருள் என்ற மிதப்போடு போனேன். பாறையில் இறங்கும்போது கயிற்றின் நுனியில் முடிச்சிடுவது உயிர்காக்கும் பழக்கம். கை வழுகினாலும் கயிற்றை விட்டுத் தவறி விழாமல் அது தடுக்கும். செய்முறைப் பரீட்சையில் ஏறத்தாழ 12 மீற்றர் அருவியின் தலைப்பில் நின்றபோது, யோசிக்காமலே என் விரல்கள் அந்த முடிச்சைப் போட்டுவிட்டன. போதாதற்கு, பாறையில் செய்வதைப் போலவே இறங்குகருவிக்குக் கீழே, கையை விட்டாலும் கயிற்றில் தானாக இறுகி ஆளை நிறுத்தும் ஒரு தானியங்கிப் பிடிமுடிச்சையும் சுற்றினேன். பரீட்சகர் ஒரு தடவை விசில் ஊதினார். ஒரு விசில் என்றால் நில் என்று பொருள். என் பரீட்சை அத்தோடு முடிந்தது.

பொங்கும் நீரில் இறங்குபவர் கயிற்றின் நுனி வரை வழுக்கி வந்து, அப்படியே நுனியை விட்டு நீந்தி வெளியேற வேண்டும். அங்கே முடிச்சு இருந்தால் அது இறங்குகருவியில் சிக்கிக்கொள்ளும். மேலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருக்கும், ஆளோ சுழலில் கட்டுண்டு கிடப்பார். பிடிமுடிச்சும் அப்படியே: அருவியின் நடுவில் அது இறுகிவிட்டால் தலைமேல் விழும் நீரில் மூச்சு விடவே இடமிருக்காது. ஆகவே கயிற்றின் நீளத்தை நுனி நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் விட்டு, மேலே பாறையில் பதித்த வளையத்தில் கோர்த்த கயிற்றை எட்டு வடிவக் கருவியில் பூட்டி வைப்பார்கள். கீழே யாராவது சிக்கினால் மேலே நிற்பவர் அந்தப் பூட்டை அவிழ்த்து, அவரைச் சுமையோடு கீழே இறக்கிவிடலாம். இந்த அவிழ்ப்புத்தான் பரீட்சையின் இதயம். பாறையேற்றம் தெரிந்தவர்கள் இங்கே அனுகூலத்தோடு வருவதாக நினைக்க வேண்டாம். தெரியாதவர்கள் புதிதாகக் கற்றால் போதும், நாமோ முதலில் மறக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த கோடை வரை பேர்ணில் எங்கள் மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியில் கயிற்றைக் கட்டி, பனிக்கட்டி போட்ட வாளியில் நியோபிரீன் என்ற செயற்கை இறப்பர் கையுறையோடு கையை ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் பூட்டை அவிழ்த்துப் பழகினேன். திச்சினோ ஓடைகளின் குளிரில் விரல் மரத்துப்போன பிறகு, வரவேற்பறையில் கற்ற முடிச்சு கைக்கு வராது. கீழ்வீட்டு மூதாட்டி, வீடு மாறுகிறீர்களா என்று டொச் (ஜேர்மன்) மொழியில் கேட்டார்.

நீரை வாசிப்பதற்கு இப்படி வீட்டில் பயிற்சி இல்லை. பரீட்சகர் ஒவ்வொரு குளத்தின் மேலும் நிறுத்தி, எங்கே விழுவாய், எந்தப் பக்கத்தால் வெளியேறுவாய் என்று கேட்பார். கேட்டதும் பதில் சொல்லிவிடாமல், ஒரு சுள்ளியை எறிந்து பார்ப்பது நல்லது. இரண்டாவது தடவை நான் எறிந்த சுள்ளி அருவியின் அடிக்கே திரும்பித் திரும்பி வந்து, நான்காம் சுற்றில்தான் இடதுபுறப் பாறையை உரசிக்கொண்டு வெளியேறியது. அந்தப் பாறையைக் காட்டினேன், பரீட்சகர் தலையசைத்தார். குதிப்பதானால், 5 மீற்றர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீற்றர் வேகத்திலும், 10 மீற்றரிலிருந்து விழுபவர் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வேகத்திலும் நீரைத் தொடுகிறார் என்பதை நினைவில் வைத்திருங்கள். போன ஆண்டு ஆழமாக இருந்த குளத்தை இடையில் வந்த வெள்ளம் சரளைக்கல்லால் நிரப்பியிருக்கக்கூடும் என்பதால், முதலாமவர் கயிற்றில் இறங்கி ஆழம் பார்த்த பிறகே மற்றவர்கள் குதிக்கலாம். நான் குதிக்க விரும்பவில்லை என்று சொல்லிக் கயிற்றைக் கேட்பதற்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள்.

கடைசி அருவிக்குக் கீழே எல்லாம் முடிந்துவிட்டதென்று கயிற்றை அழகாக வளையங்களாகச் சுருட்டத் தொடங்கிவிடாதீர்கள். சுருட்டிய கயிறு அடுத்த முறை எறியும்போது சிக்கும். நுனியிலிருந்து பிடிபிடியாகப் பைக்குள் திணித்துக்கொண்டே போக வேண்டும். இதற்கும் புள்ளி உண்டு, என் குழுவில் இருவர் அதை இங்கேதான் இழந்தார்கள்.