எங்கள் வீட்டுப் படங்களுக்குத் தேதியும் பெயரும் போட்ட அனுபவம்

காட்பாடியில் எங்கள் வீட்டுப் படங்கள் எங்கெல்லாம் கிடக்கின்றன என்று முதலில் ஒரு நோட்டில் எழுதினேன். அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமரா கார்டு, ஆன் ஆகாத ஒரு லேப்டாப், என் போன், அம்மா போன், பெங்களூரில் இருக்கும் தம்பியின் ஐபோன், கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் கொடுத்த டிவிடிகள், கூகுள் போட்டோஸ். போதாக்குறைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்.

எதையும் அழிக்காமல் எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் கொட்டினேன். லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கைக் கடையில் கழற்றித் தரச் சொல்லி, யுஎஸ்பி கேஸில் போட்டதும் படங்கள் வந்துவிட்டன. டிவிடிகளில் கீறல் விழுந்த ஒன்றில் சில படங்கள் பாதியோடு நின்றுபோயின. உங்கள் வீட்டில் டிவிடி இருந்தால் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பேன். கூகுள் போட்டோஸிலிருந்து மொத்தமாக இறக்க டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. படங்களோடு ஜேசன் என்று சின்னச் சின்னக் கோப்புகளும் வரும். நாம் அங்கே எழுதிய குறிப்பும் திருத்திய தேதியும் அதில் இருப்பதால் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

இதற்கு ஒரு நகல் எடுத்து வைத்த பிறகுதான் அடுக்கும் வேலையில் கை வைத்தேன். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். ஒரே மாதிரிப் படங்களை அதுவே தேடிப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அவற்றில் அளவு பெரியதை வைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் போய்விடும். கோப்புப் பெயரில் ஒரு தேதி இருக்கும்தான், ஆனால் அது எடுத்த தேதி என்று நம்ப முடியாது. இப்போது வீட்டில் எல்லோரிடமும் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

தேதிதான் பெரிய வேலையாக இருந்தது. அப்பாவின் கேமராவில் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் 2000 ஜனவரி 1-க்குப் போய்விடும். அதனால் எத்தனையோ வருடத்துப் படங்கள் ஒரே நாளில் எடுத்த மாதிரி குவிந்து கிடந்தன. நம்ம ஊரே அதற்குத் துப்புக் கொடுத்தது. குடியாத்தம் கெங்கையம்மன் கோயிலின் சிரசுத் திருவிழா எந்த வருடமும் வைகாசி முதல் தேதிதான், அதாவது மே மாத நடுவில். சிரசு ஊர்வலப் படம் கிடைத்தால் மாதமும் நாளும் கிடைத்த மாதிரி. வருடம்? அந்தப் படத்தில் தம்பி மொட்டைத் தலையோடு நிற்கிறான். திருத்தணியில் அவனுக்கு மொட்டை போட்டது மூன்றாம் வகுப்பு முடிந்த லீவில் என்று அம்மா சொன்னார். 2009 என்று முடிவானது. ஒரு படத்தின் தேதியைத் தெரிந்துகொண்டால், அதே வித்தியாசத்தை அந்த வரிசை முழுவதற்கும் டிஜிகேமில் ஒரே தட்டில் கூட்டிவிடலாம். பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடும் படங்களுக்கு யாரையும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அது 2021 நவம்பர் வெள்ளம்.

ஃபோல்டருக்கு வருடம், மாதம், நாள், அப்புறம் ஊரும் விசேஷமும் என்று பெயர் வைத்தேன். இந்த வரிசையில் எழுதினால் அவை தாமாகவே காலவரிசையில் நின்றுகொள்ளும்.

பெயர் எழுதும் வேலைக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு குடியாத்தத்தில் இருக்கும் ஆயா (பாட்டி) வீட்டுக்கே போனேன். ஆயாவை டிவி முன்னால் உட்கார வைத்து ஒவ்வொரு படமாகக் காட்டினேன்.

"ஆயா, இந்தப் பச்சைப் புடவை யாரு?"

"அது உங்க தாத்தாவோட அக்கா மருமவ. ஆம்பூர்க்காரி. அவ கல்யாணத்துல போட்ட பிரியாணியப் பத்தி உங்க தாத்தா கடைசி வரைக்கும் பேசினாரு."

எனக்கு அந்த அம்மாள் யாரென்றே தெரியாது. அதுவரை அழித்துவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த படம் அது. ஆயா சொன்னதை அப்படியே தமிழில் படத்தின் குறிப்பில் எழுதினேன், போனில் அவர் குரலையும் பதிவு செய்துகொண்டேன். குறிப்பும் பெயரும் படக் கோப்புக்குள்ளேயே பதியும்படி டிஜிகேம் செட்டிங்கில் மாற்றிக்கொள்வது முக்கியம். இல்லாவிட்டால் வேறு கணினிக்குப் போகும்போது எழுதியதெல்லாம் பின்தங்கிவிடும். நேரம் இல்லாதவர்கள் மற்றதை எல்லாம் தள்ளிப் போடுங்கள், இந்தப் பெயர் கேட்டு எழுதும் வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தேதியைப் பிறகு கண்டுபிடிக்கலாம். பெயர் தெரிந்த ஆள் எப்போதும் இருக்க மாட்டார்.

பாதுகாப்புக்கு 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், 1 பிரதி வீட்டுக்கு வெளியே. என் லேப்டாப்பில் ஒன்று, பீரோவில் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, ராணிப்பேட்டையில் அக்கா வீட்டில் ஒன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது டிஸ்கை மாற்றிக்கொள்கிறோம். காப்பி ஆனதும் இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, அங்கங்கே சில படங்களைத் திறந்தும் பார்ப்பேன். வேலூர் வெயிலில் டிஸ்க் தொட முடியாத அளவு சூடாகிறது, அதனால் பெரிய காப்பி எல்லாம் விடியற்காலையில்தான். கூகுள் போட்டோஸை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2021 ஜூன் 1-லிருந்து இலவசம் என்பது மெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான். அதோடு, போனில் அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் போய்விடும்.

மாட்டி வைப்பது சுலபமாக முடிந்தது. நல்ல படங்களைப் பொறுக்கி பென்டிரைவில் போட்டு டிவியில் ஓட விடுகிறோம். தம்பியின் ஐபோன் படங்களை எங்கள் டிவி திறக்காததால் ஜேபெக் (JPEG) என்ற பொதுவான பட வடிவத்துக்கு மாற்றினேன். ஹாலுக்குச் சில படங்களைப் பிரின்ட் போட்டேன். 4க்கு 6 அங்குலத்துக்கு 1800க்கு 1200 பிக்சல் இருந்தால் தெளிவாக வரும். ஜன்னல் வெயில் நேரே விழும் சுவரை மட்டும் தவிர்த்துவிட்டோம்.

மீதி இருப்பது ஆயா வீட்டு ஆல்பங்கள். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். பின்பக்கத்தையும் சேர்த்தே எடுக்கிறேன், ஸ்டுடியோ முத்திரையும் தாத்தா பேனாவில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கின்றன.