வேலிக்கருவை முள்ளும் 215/60 ஆர்16-உம்

எங்கள் வண்டி 2019 விட்டாரா பிரெஸ்ஸா. அதோடு வந்த டயர்கள் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் பட்டன், அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டை, மிச்சம் இருந்தது, பள்ளத்துக்குள் இருக்கிற 1.6 மில்லிமீட்டர் தேய்மான மேட்டை இன்னும் தொடவில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் மாற்ற மனசில்லை. ஆனால் பக்கச் சுவர் முழுக்க மெல்லிசாக வெடிப்பு விட்டிருந்தது. கானாடுகாத்தானில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு அடுத்த தெரு வரை நீண்டாலும் காருக்கு இடம் வாசல் வெயில்தான், ஆறு வருட வெயில் ரப்பரைச் சும்மா விடாது. திருச்சி விமான நிலையத்துக்கு அடிக்கடி நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன், திரும்பும்போது சிங்கப்பூர் சொந்தங்களும் பெட்டிகளுமாக வண்டி நிறைந்திருக்கும். அந்தப் பாரத்தோடு டயர் வெடித்தால் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்கியது. சரி, நாலையும் மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன்.

காரைக்குடிக் கடைகளில் ஆளுக்கொரு யோசனை. "ஆச்சி, 17 இஞ்ச் அலாய் போட்டு 215/55 ஏத்திருங்க, வண்டி லுக்கே மாறிடும்" என்றார் ஒருவர். கணக்குப் போட்டேன். நம்முடையது 215/60 ஆர்16. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம், அதில் 60 சதவீதம் பக்கச் சுவர் உயரம், அதாவது 129. அதுவே 55 என்றால் 118தான் வரும். மொத்த விட்டம் 664-க்கு 668, ஸ்பீடோமீட்டருக்கு அது ஒரு வித்தியாசமே இல்லை. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ரப்பர் காணாமல் போகிறது, எங்கள் பக்கத்து உள்ரோடுகளில் தார் பெயர்ந்த விளிம்பில் ஏறி இறங்கி ரிம் வளைந்தால் அவரா வந்து நிற்கப் போகிறார்? அலாய்ச் செலவு வேறு.

தேவகோட்டையில் இருக்கிற தம்பிக்கோ ஏ/டி டயர்தான், அதாவது மண் பாதைக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவான டயர்தான், போடவேண்டும் என்று பிடிவாதம். "கோயிலுக்குச் செம்மண் பாதையிலதானே போறோம் ஆச்சி?" போகிறோம், மாசியில், மண் காய்ந்து கிடக்கும்போது. மற்ற நாளெல்லாம் தார் ரோடு. தார் ரோட்டில் ஏ/டி இரைச்சல் போடும், மைலேஜைக் கொஞ்சம் தின்னும், நனைந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்கிற தூரமும் பொதுவாகக் கூடும். ஐப்பசி மழையில் திருமயம் தாண்டிப் போகிறவளுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பெரிசு.

அவன் முள்ளைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஒத்துக்கொண்டேன். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு வேலிக்கருவையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, வெட்டிப் போட்ட கிளை ரோட்டோரம் காய்ந்தால் ஒவ்வொரு முள்ளும் ஆணி மாதிரிதான். அதற்குத் தப்புகிற டயர் ஒன்றும் நான் பார்த்தவற்றில் இல்லை. டியூப்லெஸ் என்பதால் காற்று பொசுக்கென்று இறங்காது, முள்ளைப் பிடுங்காமல் மெதுவாகக் கடை வரை உருட்டிவிடலாம். தரையில் படுகிற பகுதியில் குத்தியிருந்தால் பஞ்சர் போட்டுக்கொள்ளலாம், பக்கச் சுவர் என்றால் அந்த டயர் போச்சு. அப்போது அதே மாடலில் ஒற்றை டயர் காரைக்குடியிலேயே கிடைக்க வேண்டும். வெளிநாட்டு பிராண்டு ஒன்று பத்தாயிரத்தைத் தாண்டியது, ஓட்டிப் பார்த்தவர்கள் சத்தமே இல்லை என்கிறார்கள், எனக்கும் ஆசைதான், ஆனால் ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டுமாம். தார் ரோட்டுக்கென்று வருகிற எம்ஆர்எஃப் எச்/டி வகை எந்தக் கடையிலும் இருந்தது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

அப்புறம் எழுத்துகளைப் பார்த்தேன். 95எச் என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். கம்பெனி கொடுத்ததற்கு இந்த இரண்டும் குறையக்கூடாது. ஒரு கடையில் விலை ரொம்பக் குறைவாக இருந்தது, குனிந்து தேதியைப் பார்த்தால் இரண்டு டயரில் 25 என்றும் இரண்டில் 22 என்றும் முடிகிறது. அந்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். "உள்ளயே இருந்த சரக்கு ஆச்சி, புதுசுதான்" என்றார்கள். வந்துவிட்டேன்.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22-லிருந்து கார் டயருக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. பழைய விலைப் பட்டியலைக் காட்டி அதில் "டிஸ்கவுன்ட்" தருகிறவர்கள் இருக்கிறார்கள், பில்லில் வரி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைன்மென்ட், பேலன்சிங், புது வால்வு எல்லாம் சேர்த்து முப்பத்து நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்டார்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான் என்று சொல்லிவிட்டு, டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவுக்குச் சாதாரணக் காற்றே பிடித்தேன். ஸ்டெப்னியைத் திருப்பிப் பார்த்தால் அதுவும் 2019 தேதிதான். அதற்கு இந்தத் தடவை பணம் ஒதுக்கவில்லை, முள் ஏறினால் காரைக்குடி வரை மெதுவாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.